பாதங்களில் தென்படும் இதய, குருதிச்சுற்றோட்ட அறிகுறிகள்

பாதங்களில் தென்படும் இதய, குருதிச்சுற்றோட்ட அறிகுறிகள் என்பன, இதயத்திலோ குருதிக்குழாய்களிலோ ஏற்படும் கோளாறுகளின் விளைவாகக் கணுக்கால், பாதம், கால்விரல்கள் ஆகியவற்றில் தோன்றும் வீக்கம், நிறமாற்றம், குளிர்ச்சி, வலி, ஆறாத புண் முதலிய மாற்றங்கள் ஆகும். இவற்றுட் பல, கருவி எதுவுமின்றிக் கண்ணாலும் விரலாலும் அறியத்தக்கவை. ஆயினும் இவற்றுள் ஏறக்குறைய எதுவும் ஒரே ஒரு நோய்க்கு மட்டும் உரியதன்று. ஒரே வீக்கம் இதயச் செயலிழப்பினாலும் வரலாம், ஒரு மாத்திரையின் பக்கவிளைவாகவும் வரலாம். எனவே இவை நோயை உறுதிப்படுத்துவன அல்ல. தேடவேண்டிய திசையைக் காட்டுவன.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தமனி, சிரை என்று வழங்குவன இலங்கைப் பாடநூல்களில் நாடி, நாளம் என்று வழங்குகின்றன. இக்கட்டுரையில் தமனி, சிரை என்பனவே ஆளப்படுகின்றன. நாடி என்பது கையால் தொட்டறியும் துடிப்பை மட்டும் குறிக்கும்.

பாதத்தின் இருப்பிடம்

பாதம் இதயத்திலிருந்து மிகத் தொலைவில், நிற்கும்போது மிகத் தாழ்வில் உள்ள உறுப்பு. இவ்விரண்டு காரணங்களும் வெவ்வேறு வகையில் செயற்படுகின்றன.

தொலைவு தமனிகளைப் பாதிக்கின்றது. ஒரு தெருவின் குடிநீர்க் குழாயில் எங்கேனும் அடைப்பு ஏற்பட்டால் கடைசி வீட்டுக் குழாயில்தான் முதலில் நீர் குறையும். அவ்வாறே பெருந்தமனியிலிருந்து இடுப்பு, தொடை, முழங்கால் வழியாக வரும் பாதையில் எங்கே குறுக்கம் ஏற்பட்டாலும் அதன் குறைபாடு விரல் நுனிகளில் முன்னதாகத் தெரியும்.

தாழ்வு சிரைகளைப் பாதிக்கின்றது. அசையாமல் நிற்கும் ஒருவரின் கணுக்காலில் சிரையின் அழுத்தம் ஏறத்தாழ 90 மி.மீ. பாதரசம் வரை உயர்கின்றது. இது இதயத்திலிருந்து கணுக்கால் வரை நிற்கும் குருதித் தூணின் எடையால் வருவது. நடக்கத் தொடங்கியவுடன் கெண்டைக்கால் தசைகள் சுருங்கிச் சிரைகளைப் பிழிகின்றன. சிரைகளினுள் உள்ள ஒருவழி அடைப்பிதழ்கள் குருதி மீண்டும் கீழே இறங்காமல் தடுக்கின்றன. இதனால் அழுத்தம் 20 முதல் 30 மி.மீ. அளவிற்கு இறங்கிவிடும். கெண்டைக்கால் தசையை இரண்டாவது இதயம் என்று சொல்லும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. உவமையாகவே எனினும் பொருத்தமான உவமை. பேருந்து நடத்துநர், காவலர், முடிதிருத்துநர், துணிக்கடை விற்பனையாளர் எனப் பகல் முழுதும் நின்று பணியாற்றுவோருக்கு மாலையில் கால் வீங்குவது இந்த இறைப்பி ஓய்ந்திருப்பதால்தான். அதற்காக அவர்கள் இதய நோயாளிகள் ஆகிவிடுவதில்லை.

இருகால் வீக்கம்

தந்துகிகளின் சுவர் வழியே நீர் வெளியேறுவதும் திரும்புவதும் இரு விசைகளின் சமநிலையைப் பொறுத்தது. குழாயினுள் உள்ள குருதி அழுத்தம் நீரை வெளியே தள்ளுகின்றது. குருதியில் உள்ள புரதங்கள், குறிப்பாக ஆல்புமின், அதை உள்ளே பிடித்து வைக்கின்றன. இங்கிலாந்து உடலியங்கியலாளர் எர்னெசுட்டு சுட்டார்லிங் 1896-இல் இதனை விளக்கினார். வெளியேறிய நீரில் எஞ்சுவதை நிணநீர்க் குழாய்கள் எடுத்துச் செல்கின்றன. இம்மூன்றில் எது குலைந்தாலும் திசுக்களின் இடைவெளியில் நீர் தேங்கும்.

இதயத்தின் வலப்பக்கம் திறனிழக்கும்போது சிரைகளில் குருதி பின்தேங்கி அழுத்தம் கூடுகின்றது. இது பாதிக் கதைதான். இதயம் வெளியேற்றும் குருதி குறைவதைச் சிறுநீரகம் உணரும்போது, உடலில் நீர் வற்றிவிட்டதாகவே அது கொள்கின்றது. ரெனின், ஆஞ்சியோடென்சின், ஆல்டோசுட்டிரோன் என்னும் தொடர் தூண்டப்பட்டு உப்பும் நீரும் தேக்கிவைக்கப்படுகின்றன. குருதிப்போக்கு ஏற்பட்ட ஒருவரைக் காப்பாற்ற உருவான ஏற்பாடு, இதயம் தளர்ந்தவருக்குச் சுமையை மேலும் ஏற்றுகின்றது. ஒரு குறிகையைத் தவறாகப் படித்த கட்டுப்பாட்டு அமைப்பு, தன் பணியை மிகச் சரியாகச் செய்துகொண்டே தீங்கு விளைவிப்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

இவ்வாறு தேங்கும் நீர் கணுக்காலைச் சுற்றியும் கணைக்கால் எலும்பின் முன்புறமும் முதலில் தெரியும். பெருவிரலால் சில நொடிகள் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து மெல்ல நிரம்பும். இரு கால்களிலும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். மாலையில் கூடிக் காலையில் குறையும். படுத்தபடியே இருக்கும் நோயாளியிடம் கால்கள் இயல்பாகத் தோன்றி, இடுப்பின் பின்புறத்தில் வீக்கம் ஒளிந்திருப்பதும் உண்டு. நீருக்குத் தெரிந்தது தாழ்வான இடம் மட்டுமே.

குழி விழும் அளவிற்கு வீக்கம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே உடலில் சில லிட்டர் நீர் சேர்ந்திருக்கும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். ஆகவே இதயச் செயலிழப்பு உள்ளவர்களை நாள்தோறும் காலையில், சிறுநீர் கழித்தபின், ஒரே வகை உடையில் எடை பார்க்குமாறு மருத்துவர்கள் பணிக்கின்றனர். மூன்று நாட்களில் இரண்டு கிலோகிராமுக்கு மேல் எடை கூடினால் மருத்துவரிடம் தெரிவிக்கவேண்டும் என்பது பரவலாகக் கூறப்படும் அறிவுரை. இவ்வளவில் எடை பார்க்கும் பொறி பாதத்தை முந்திக்கொள்கின்றது.

வீக்கத்தோடு மூச்சிரைப்பு, தட்டையாகப் படுத்தால் மூச்சுமுட்டி எழுந்து உட்காருதல், இரவில் பலமுறை சிறுநீர் கழித்தல், கழுத்துச் சிரை புடைத்திருத்தல் ஆகியவை சேர்ந்திருப்பின் ஐயம் இதயத்தின்மீது வலுவாக விழும். பகலில் கால்களில் தேங்கிய நீர் படுத்தபின் குருதியோட்டத்திற்குத் திரும்புவதே இரவுச் சிறுநீருக்கும், ஓரளவிற்கு இரவு மூச்சுமுட்டலுக்கும் காரணமாகும்.

இதயம் அல்லாத காரணங்கள் இதைவிட அதிகம். சிறுநீரக நோயில் ஆல்புமின் சிறுநீரில் கழிகின்றது. கல்லீரல் இறுக்கத்தில் ஆல்புமின் உற்பத்தியே குறைகின்றது. கருவுற்ற காலத்தில் கால் வீங்குவது பொது. ஆனால் திடீரென முகமும் கையும் சேர்ந்து வீங்கினால் குருதி அழுத்தத்தை அன்றே பார்க்கவேண்டும். உயர் குருதி அழுத்தத்திற்குத் தரப்படும் அம்லோடிபின் மாத்திரை பலருக்குக் கணுக்கால் வீக்கத்தைத் தருகின்றது; அது தந்துகிகளுக்கு முன்னுள்ள நுண்தமனிகளை விரிப்பதால் வருவது. இதனை இதயம் பழுதானதாக எண்ணி அஞ்சுவோரும் உண்டு, தாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுவோரும் உண்டு. இரண்டாவது செயல் மிகக் கேடானது. மருத்துவர் அளவைக் குறைக்கவோ வேறு மருந்துக்கு மாற்றவோ முடியும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கி விழுங்கப்படும் வலிநீக்கிகள் உப்பைத் தேக்குவதால் வீக்கத்தைத் தருவதோடு, ஏற்கனவே தளர்ந்த இதயத்தை மேலும் சீர்குலைக்கக் கூடியவை.

யானைக்கால் நோய் வேறு வகை. கியூலெக்சு கொசுவால் பரவும் உச்செரேரியா என்னும் புழு நிணநீர்க் குழாய்களைச் சிதைப்பதால் அது வருகின்றது. நாட்பட்ட நிலையில் தோல் தடித்து, அழுத்தினால் குழி விழாது. பெரும்பாலும் ஒரு காலில் கூடுதலாக இருக்கும். கும்பகோணம் ஒருகாலத்தில் இந்நோய்க்குப் பெயர்பெற்ற ஊர்களுள் ஒன்று.

ஒருகால் வீக்கம்

ஒரு கால் மட்டும் சில நாட்களுக்குள் வீங்கி, கெண்டைக்கால் வலித்து வெதுவெதுப்பாக இருந்தால் ஆழ்சிரையில் குருதி உறைந்திருக்கலாம். அறுவை மருத்துவம், எலும்பு முறிவுக் கட்டு, மகப்பேறு, புற்றுநோய், நெடுந்தொலைவுப் பயணம் ஆகியவற்றுக்குப் பின் இது நிகழும் வாய்ப்புக் கூடும். உறைந்த கட்டியின் ஒரு பகுதி பெயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனிக்குச் சென்று அடைத்தால் உயிர் போகலாம். வீங்கிய காலை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பது நம் வீடுகளில் இயல்பாகச் செய்யப்படுவது. இந்நோயில் அதனைச் செய்யலாகாது. பாதத்தை மேல்நோக்கி மடக்கி வலிக்கின்றதா எனப் பார்க்கும் பழைய சோதனை நம்பத்தக்கதன்று எனக் கைவிடப்பட்டுவிட்டது. டி-டைமர் குருதிச் சோதனையும் டாப்ளர் மீயொலிச் சோதனையுமே இன்று முடிவு செய்கின்றன.

நடந்தால் வரும் வலி

தமனித் தடிப்பு என்பது தமனிச் சுவரில் கொழுப்பும் அழற்சி உயிரணுக்களும் சுண்ணாம்பும் படிந்து குழாய் குறுகுதல் ஆகும். இது இதயத் தமனிகளில் ஏற்பட்டால் மாரடைப்பு, மூளைக்குச் செல்லும் தமனிகளில் ஏற்பட்டால் பக்கவாதம், கால் தமனிகளில் ஏற்பட்டால் புறத் தமனி நோய். மூன்றும் ஒரே நோயின் மூன்று முகவரிகள். 2010-ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 20 கோடிப் பேருக்குப் புறத் தமனி நோய் இருந்ததாக மதிப்பிடப்பட்டது.

இதன் தனித்த அறிகுறி, குறிப்பிட்ட தொலைவு நடந்ததும் கெண்டைக்காலில் இறுக்கிப் பிடிப்பது போன்ற வலி வந்து, நின்றால் சில நிமிடங்களில் நீங்கி, மீண்டும் அதே தொலைவு நடந்ததும் திரும்புவது. மூட்டுத் தேய்மான வலி இவ்வளவு ஒழுங்காக வராது. தண்டுவட நரம்பு நெருக்கத்தாலும் நடக்கும்போது கால் வலிக்கும். ஆனால் அவ்வலி வெறுமனே நிற்பதால் தீராது, உட்கார்ந்தாலோ முன்குனிந்தாலோதான் தீரும். பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் பூலே 1831-இல் ஒரு குதிரையில் இவ்வகை நொண்டலை விவரித்தார். மனிதரில் இதனை 1858-இல் விவரித்தவர் சார்க்கோ.

இந்நோயுள்ள பலருக்கு வலியே இருப்பதில்லை. அவர்கள் தம்மை அறியாமலே நடையைக் குறைத்துக்கொண்டிருப்பார்கள். "வயதாகிவிட்டது, முன்போல் கடைக்கு நடக்க முடிவதில்லை" என்னும் பேச்சுக்குப் பின்னால் ஓர் அடைபட்ட தமனி இருக்கலாம்.

நோய் முற்றும்போது ஓய்விலும் வலி வரும். குறிப்பாக இரவில் படுத்தபின் முன்பாதம் எரிந்து வலிக்கும். காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் தணியும். புவியீர்ப்பு சிறிதளவு குருதியை இறக்கிவிடுவதே இந்தத் தணிவுக்குக் காரணம். இரவெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடி உறங்கும் ஒரு புகைபிடிப்பவரை எந்த வீட்டிலேனும் கண்டால், அவரது காலை இழக்கும் அளவிற்கு நோய் முற்றியிருக்கலாம் என உணரவேண்டும். நியூயார்க்கு மருத்துவர் லியோ பூகர் 1908-இல் விவரித்த நோய், தமனித் தடிப்பு இல்லாமலே இளைய வயதினரின் கைகால் தமனிகளை அடைப்பது. புகையிலையோடு பிரிக்கமுடியாத தொடர்புடையது. பீடி பிடிக்கும் இந்திய ஆண்களிடம் இது குறிப்பிடத்தக்க அளவில் காணப்படுகின்றது. புகையிலையை முற்றாக விடாமல் வேறு எந்த மருத்துவமும் இதில் நிலைத்த பயன் தருவதில்லை.

படுத்திருப்பவரின் காலை 45 பாகை உயர்த்தினால் நோயுற்ற பாதம் வெளிறும். பின் தொங்கவிட்டால் மெதுவாக நிறம் திரும்பி, அளவுக்கு மீறிச் சிவக்கும். பாடநூல்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. நம்மவரின் மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் புறங்காலில் இவற்றைக் காண்பது கடினம். உள்ளங்காலையும் நகத்தின் அடிப்படுகையையும் நல்ல பகல் வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். முடி உதிர்தல், பளபளப்பான தோல், தடித்த நகம் ஆகியனவும் அறிகுறிகளாகக் கூறப்படுகின்றன. ஆனால் வயதும் பூஞ்சையும் இதையே செய்வதால் இவற்றுக்குப் பெரிய மதிப்புத் தரவியலாது. ஒரு பாதம் மற்றதைவிடத் தெளிவாகக் குளிர்ந்திருப்பது இவற்றைவிடப் பொருள் உள்ளது. இரு பாதங்களும் குளிர்ந்திருப்பது பெரும்பாலும் குளிர்காலத்தைத்தான் குறிக்கின்றது.

கணுக்கால்-புய அழுத்த விகிதம்

பாதத்தில் இரண்டு இடங்களில் நாடியைத் தொட்டறியலாம். ஒன்று புறங்காலின் மேல், பெருவிரலை உயர்த்தும் தசைநாணுக்கு அருகே. மற்றது உட்கணுக்காலுக்குப் பின்புறம். முதலாவது நலமான சிலரிடம் பிறவியிலேயே தொட்டறிய முடியாதவாறு அமைந்திருக்கும். ஆகையால் அது மட்டும் இல்லாததைக் கொண்டு முடிவுக்கு வரக்கூடாது.

விரலின் உணர்வை எண்ணாக மாற்றுவதே கணுக்கால்-புய அழுத்த விகிதம். சிறிய டாப்ளர் கருவியின் துணையோடு கணுக்காலின் சுருக்கழுத்தத்தை அளந்து, புயத்தின் சுருக்கழுத்தத்தால் வகுக்கவேண்டும். புயத்தில் 140, கணுக்காலில் 84 எனில் விகிதம் 0.60. படுத்த நிலையில் இயல்பான விகிதம் 1.00 முதல் 1.40 வரை. 0.90 அல்லது அதற்குக் கீழ் எனில் புறத் தமனி நோய் உள்ளதாகக் கொள்ளப்படுகின்றது. கூட்டல் கூடத் தேவைப்படாத இந்த ஒற்றை வகுத்தல் ஒருவரின் இதயத்தைப் பற்றியும் பேசுகின்றது. விகிதம் குறைந்தவர்கள் காலை இழப்பதைவிட, மாரடைப்பாலோ பக்கவாதத்தாலோ இறப்பதே அதிகம். அதனால்தான் கால் நோய்க்கு மருத்துவம் தொடங்கும்போது கொழுப்பைக் குறைக்கும் சுடாட்டின் மாத்திரையும், குருதித் தட்டுகள் ஒட்டாமலிருக்க ஆசுப்பிரின் அல்லது குளோப்பிடோகிரல் போன்ற மருந்தும் தரப்படுகின்றன. நோயாளி "கால் வலிக்கு இதய மாத்திரை எதற்கு" என்று வியப்பதுண்டு.

வலி வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடக்கும் முறையான பயிற்சி நடைத் தொலைவைக் கூட்டுகின்றது. சிலோசுட்டசோல் என்னும் மருந்தும் ஓரளவு கூட்டும். ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அதனைத் தரக்கூடாது. எனவே கால் வீக்கத்தோடு வருபவரிடம் அதன் காரணத்தை அறியாமல் இம்மருந்தை எழுதுவது ஆபத்தாகும். சுருள்சிரைக்கு அணியும் இறுக்கக் காலுறையிலும் இதே சிக்கல் உண்டு. தமனி நன்றாக உள்ளதா என்று பாராமல் அணிந்தால், குறைவாக வரும் குருதியும் தடைப்பட்டுத் தோல் அழுகக்கூடும்.

நீரிழிவும் உணர்வற்ற பாதமும்

நீரிழிவு நோயில் மேற்கூறிய ஒழுங்குகள் பல குலைகின்றன. தமனிச் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்பு படிந்து குழாய் விறைத்துவிடுவதால், அழுத்தமானியின் பட்டை அதனை நசுக்க முடியாமல் விகிதம் 1.40-க்கு மேல் காட்டும், அல்லது நோய் இருந்தும் இயல்பானதுபோல் காட்டும். இத்தகையோருக்குக் கால்விரலில் அழுத்தம் அளக்கப்படுகின்றது. நரம்பும் மரத்துப்போவதால் நடைவலி எச்சரிப்பதில்லை. முதல் அறிகுறியே செருப்புக் கடித்த புண்ணாகவோ, முள் குத்தியது தெரியாமல் புரையோடிய விரலாகவோ இருக்கலாம்.

உணர்வு இழந்த பாதம் ஏன் புண்ணாகின்றது என்பதை விளங்கிக்கொண்ட வரலாற்றில் வேலூருக்கு இடமுண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயாளிகளின் விரல்களும் பாதங்களும் அழிவது பெரும்பாலும் நோய்க்கிருமி நேரடியாகத் தின்பதால் அன்று. வலி தெரியாமையால் திரும்பத்திரும்பப் படும் காயங்களால் என்று அவர் காட்டினார். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றபின், இதே அறிவு நீரிழிவுப் பாதத்திற்கும் பயன்பட்டது. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுப் பார்க்கும் சோதனை இன்று நீரிழிவு மருத்துவமனைகளில் வழக்கமாகச் செய்யப்படுகின்றது.

புண் இருக்கும் இடமும் காரணத்தைச் சொல்லும். விரல் நுனியிலும் குதிகாலிலும் வலியோடு, உலர்ந்த அடிப்பகுதியுடன் இருப்பது தமனிப் புண். உட்கணுக்காலுக்கு மேல், பழுப்பேறித் தடித்த தோலின் நடுவே, ஈரம் கசிய இருப்பது சிரைப் புண். உள்ளங்காலில், பெருவிரலின் அடிமேட்டில், தடித்த காய்ப்பின் நடுவே வலியின்றி இருப்பது நரம்புப் புண். நீரிழிவில் இவை கலந்தும் வரும்.

நீலமான விரல்கள்

கைவிரல்கள் இயல்பாக இருக்க, கால்விரல்கள் மட்டும் நீலமாகவும் நுனி பருத்தும் இருப்பது அரிய, ஆனால் மிகத் தெளிவான அறிகுறி. கருவில் நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும் ஒரு குழாய் பிறந்தபின் மூடிக்கொள்ளவேண்டும். அது பெரிதாகத் திறந்தே இருந்தால் நுரையீரலில் அழுத்தம் ஆண்டுக்கணக்கில் உயர்ந்து, ஒரு நிலையில் ஓட்டம் திசை மாறுகின்றது. அக்குழாய் பெருந்தமனியில் சேரும் இடம், தலைக்கும் கைகளுக்கும் கிளைகள் பிரிந்ததற்குப் பின் உள்ளது. ஆகவே உயிர்வளி குறைந்த குருதி கால்களுக்கு மட்டும் போகின்றது. காலுறையைக் கழற்றிப் பாராத மருத்துவர் இதனைத் தவறவிடுவார்.

பிறந்த குழந்தைகளுக்கான சோதனையும் இதே உடற்கூற்றைப் பயன்படுத்துகின்றது. பிறந்து 24 மணி நேரத்திற்குப் பின், வலக்கையிலும் ஒரு பாதத்திலும் துடிப்பு ஆக்சிமானி பொருத்தப்படும். ஏதேனும் ஓர் அளவு 90 விழுக்காட்டிற்குக் கீழ் இருந்தாலோ, மீண்டும் மீண்டும் அளந்தும் இரண்டும் 95-க்குக் கீழ் இருந்தாலோ, இரண்டுக்குமிடையே 3 விழுக்காட்டிற்கு மேல் வேறுபாடு நீடித்தாலோ, இதய மீயொலிச் சோதனை தேவை என்பது பரவலாகப் பின்பற்றப்பட்ட விதி. ஐக்கிய அமெரிக்கா 2011-இல் இதனைத் தன் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. வலியற்ற, சில நிமிடச் சோதனை. வெளிப்பார்வைக்கு நலமாகத் தோன்றி வீடு செல்லவிருந்த குழந்தைகளை இது காப்பாற்றியுள்ளது. பெருந்தமனிக் குறுக்கம் மட்டும் இச்சோதனைக்குப் பலமுறை தப்பிவிடும். தொடையிடுக்கில் நாடி தொட்டுப்பார்ப்பது அதற்காக இன்றும் தேவைப்படுகின்றது.

பெரியவர்களில் பாத நாடி நன்றாகத் துடிக்கும்போதே ஓரிரு விரல்கள் திடீரென நீலமாகி வலித்தால், மேலே பெருந்தமனியில் உள்ள படிவிலிருந்து கொழுப்புத் துகள்கள் உதிர்ந்து வந்திருக்கலாம். நீடித்த காய்ச்சலோடு உள்ளங்காலில் வலியற்ற செந்திட்டுகளோ, விரல் நுனியில் வலிமிக்க சிறு முடிச்சுகளோ தோன்றுவது இதய அடைப்பிதழில் கிருமி பற்றியதன் அறிகுறி. முன்னவை ஜேன்வேயின் பெயராலும் பின்னவை ஆசுலரின் பெயராலும் அறியப்படுகின்றன.

குதிநாண் முடிச்சுகள்

குதிகாலின் பின்னுள்ள தடித்த நாண் வழக்கத்திற்கு மாறாகப் பருத்து முடிச்சுகளோடு இருந்தால், அது மரபுவழி மிகைக் கொழுப்பு நோயாக இருக்கலாம். ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோயின் மிதமான வடிவம் உள்ளது. முடிச்சுகள் அவர்கள் அனைவருக்கும் தோன்றுவதில்லை. குருதியிலுள்ள தாழ் அடர்த்திக் கொழுப்பை அகற்றும் ஏற்பி குறைபடுவதே காரணம் எனக் கண்டறிந்த பிரௌன், கோல்ட்சுட்டைன் இருவரும் 1985-இல் நோபல் பரிசு பெற்றனர். இதில் பாதம் ஒருவரை மட்டும் காட்டிக்கொடுப்பதில்லை. பெற்றோரில் ஒருவருக்கும், பிள்ளைகளில் பாதிப் பேருக்கும் அதே மரபணு இருக்கக்கூடும் என்பதால் குடும்பம் முழுவதையும் சோதிக்கவேண்டும்.

பாத வரைபடங்கள்

உள்ளங்காலில் இதயம், கல்லீரல், கண் என்று இடங்களைக் குறித்து, அவற்றை அழுத்தினால் அவ்வுறுப்புகள் குணமாகும் எனக் கூறும் வரைபடங்கள் கடைகளில் விற்கப்படுகின்றன. இவ்வரைபடங்களைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர் 1930களில் இயங்கிய அமெரிக்கர் யூனிசு இங்காம். உள்ளங்காலின் குறிப்பிட்ட புள்ளியை இதயத்தோடு இணைக்கும் நரம்போ குழாயோ உடற்கூற்றில் இல்லை. பாதம் பிடித்துவிடுவது இதமளிக்கும் என்பதில் ஐயமில்லை. இதய நோயை அங்கே தேடுவது வேறு.

உடனடியாகச் செல்லவேண்டிய நிலை

ஒரு கால் சில நிமிடங்களிலோ மணிகளிலோ கடுமையாக வலித்து, வெளிறி, குளிர்ந்து, நாடி இழந்து, பின் மரத்து அசைவும் குறைந்தால் அது தமனி திடீரென அடைபட்ட நிலை. இதற்கு மூலம் பல வேளைகளில் இதயத்திலேயே இருக்கும். வாதக்காய்ச்சலால் குறுகிய ஈரிதழ் அடைப்பிதழோ, மேலறை ஒழுங்கின்றி நடுங்குவதோ காரணமாக, இடது மேலறையில் உறைந்த கட்டி பெயர்ந்து வந்து தொடையிலோ முழங்காலுக்குப் பின்னாலோ சிக்கிக்கொள்கின்றது. மணிக்கட்டில் நாடி பார்த்தால் ஒழுங்கற்றுத் துடிக்கும். அமெரிக்க மருத்துவர் தாமசு ஃபோகார்ட்டி 1963-இல் வெளியிட்ட முறையில், நுனியில் சிறு பலூன் உள்ள மெல்லிய குழாயைக் கட்டியைத் தாண்டிச் செலுத்தி, பலூனை ஊதிப் பின்னிழுத்துக் கட்டியை வெளியே எடுக்கலாம். தசைகள் ஏறத்தாழ ஆறு மணி நேரம்தான் தாக்குப்பிடிக்கும். வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் எனக் காத்திருப்பதும் அந்த ஆறு மணி நேரத்திலிருந்தே கழிகின்றன.